வயலை மூடிய வாவி

ஈழத்தின் வறண்ட நாட்டிலே குளம் கட்டுதல் என்பது பெரும்பாலும் நெல்லுக்கு வழி செய்தலேயாம். கண்டி வாவியோ இவ்வழக்கினின்றும் வேறுபட்டது. அது வயலுக்கு நீர் தந்த குளமன்று. வயலை மூடி எழுந்த குளம். கண்டி அரசின் வீழ்ச்சியை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருதாது விடுதல் தகாது.

நாயக்க மரபினனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன், கண்ணுசாமி என்னும் இயற்பெயருடையவன், 1798இல் அரியணை ஏறினான். அரண்மனைக்கும் தலதா மாளிகைக்கும் அருகே, குன்றுகளின் இடையே தாழ்ந்து கிடந்தது திகொல்வெல என்னும் வயல்வெளி. 1807ஆம் ஆண்டளவில் அதன் குறுக்கே மண்ணணை எழுந்தது. சரிவுகளினின்றும் இறங்கிய ஓடைநீர் தேங்கி வாவியாயிற்று. தேவேந்திர மூலாசாரி என்னும் சிற்பியே இப்பணியை அமைத்தான் என்பர். பாற்கடல் எனப் பொருள்படும் ‘கிரி முகுத’ என்ற பெயர் அதற்கு வழங்கிற்று. நடுவே ஒரு தீவு. கரையிலே முகிலின் வடிவாய் வளைந்து, விளக்கேற்றும் மாடங்கள் பொருந்திய சுவர். மண்ணுலகிலே விண்ணுலகைக் காட்ட விழைந்தான் போலும் மன்னன்.

ஆயின், மண் சுமந்த தோள் யாருடையது? நிலத்தை அநுபவிப்போர் அதற்கு ஈடாக அரசனுக்கு ஆற்றவேண்டிய ஊழியம் இராசகாரியம் எனப்பட்டது. சிற்றூர்க் குளத்தின் கரை உடைந்தால், நீர் பெறும் உழவர் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப அதனைத் திருத்துவர். அவ்வுழைப்பின் பயன் அவர்தம் களத்துக்கே திரும்பும். கண்டியிலோ, தன் வயலை விட்டு வந்த குடியானவன் பிறிதொரு வயலைப் புதைக்கும் பணியைச் செய்தான். எதிர்த்த தலைவர் நூற்றுவரை வாவியின் அடியிலே மன்னன் கழுவேற்றினான் என்று ஒரு கதை வழங்குகின்றது. அரசனைக் கொடியவனாகக் காட்டுதல் ஆங்கிலேயர்க்குப் பயன்பட்ட காலமாதலின், அத்தொகையை அவ்வாறே கொள்ளற்க. குடிகளின் கசப்போ மெய்யானது. 1814இல் எகலப்பொலை கிளர்ந்தெழுந்தான். மறு ஆண்டு பெப்ரவரி 18இல் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் தலைவர்கள் நாட்டை ஆங்கிலேயருக்கு அளித்தனர். முகிற்சுவர் வாவியைச் சுற்றி நிறைவுறாமலே நின்றது. தீவிலிருந்த மண்டபம் பின்னர் வெடிமருந்துச் சாலையாயிற்று.

வேலூரிலே சிறையிருந்த மன்னன் 1832 சனவரியில் இறந்தான். இராசகாரியம் ஒழிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. குடிகள் ஒரு பெருஞ்சுமை நீங்கப் பெற்றனர். ஆயினும், கரை திருத்த உழவரைக் கூட்டும் அதிகாரமும் உடன் அழிந்தமையால், வறண்ட நாட்டுச் சிறுகுளங்கள் பல தூர்ந்தன. பழைய ஊர் வழக்கங்களை உயிர்ப்பிக்க ஆங்கிலேயரே 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் ஒன்றை இயற்ற நேர்ந்தது. வயலைக் காத்த குளங்கள் தூர, வயலை மூடிய வாவி நிலைத்தது வியப்பே. சூழ்ந்த குன்றுகளிலே வீடுகள் பெருகப் பெருக, மழைதோறும் மண்ணும் கழிவும் இதனுள் இறங்குகின்றன. தூரகற்றுதலோ முடிவிலாப் பணியாயிற்று. மிகுநீர், நகரின் நடுவே ஓடும் மெத எல வழியாக மகாவலியைச் சேர்கின்றது.