பாடசாலை எல்லையும் வர்க்க எல்லையும்: பொஸ்ரன் நகரப் பெற்றோர் விவாதம் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒரு பிள்ளை எப்பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் எல்லைக்கோட்டினை நிருவாக வசதிக்காக வரையப்பட்டதொன்றாகக் கருதுவதே பொது வழக்கு. முதலாம் வகுப்பு அனுமதிக்காக வதிவிடச் சான்றுகளைச் சுமந்துகொண்டு பெற்றோர் அலைவதைக் கண்டு பழகிய எமக்கு, அக்கோடு அத்துணை அப்பாவித்தனமானதன்று என்பது அனுபவத்தால் தெரியும். ஆயினும், அக்கோட்டினை மாற்றியமைத்து வறியோர் பிள்ளைகளையும் வசதியுடையோர் பிள்ளைகளையும் ஒரே வகுப்பறையில் இருத்த முற்படும்போது யார் எதிர்க்கின்றனர், எக்காரணம் கூறி எதிர்க்கின்றனர், எவர் அவ்விவாதத்துக்குள் இழுக்கப்படாமலே தப்பிக்கொள்கின்றனர் என்னும் வினாக்கள் வரலாற்று ரீதியாக ஆராயப்பட வேண்டியவை. ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம் இதற்கு மிகுந்த சான்றுகளைத் தருகின்றது. 1974இல் அங்கு நிகழ்ந்தவற்றை நிறவெறியின் வெடிப்பு என்று மட்டும் விளக்குவோர் பலர். நிறவெறி அங்கிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விளக்கத்துடன் நின்றுவிடுவோமாயின் கோட்டினை வரைந்த கைகள் எம் பார்வைக்குத் தப்பிவிடும்.

இவ்விவாதம் 1974இல் தோன்றியதன்று. 1840களின் இறுதியில் சேரா றொபேட்ஸ் என்னும் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, தன் வீட்டிலிருந்து ஐந்து வெள்ளையர் பாடசாலைகளைக் கடந்து கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஸ்மித் பாடசாலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவளது தந்தை, அச்சுத் தொழிலாளியான பெஞ்சமின் றொபேட்ஸ், நகரத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தார். றொபேட் மொறிஸ் என்னும் கறுப்பின வழக்கறிஞரும் சாள்ஸ் சம்னரும் வாதாடினர். 1850இல் மசச்சுசெற்ஸ் மாநிலப் பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ நகரத்துக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பு 1896இல், 'வேறாயினும் சமம்' என்ற கோட்பாட்டினை உயர் நீதிமன்றம் நிலைநிறுத்தியபோது மேற்கோளாக எடுத்தாளப்பட்டது. அடிமை முறையை எதிர்த்த நகரம் என்று புகழப்பட்ட பொஸ்ரனே தென் மாநிலங்களின் பிரிவினைச் சட்டங்களுக்கு முன்மாதிரியை வழங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்துக் கறுப்பினப் பெற்றோரும் ஒரே குரலில் பேசினார்கள் அல்லர். வில்லியம் கூப்பர் நெல் தலைமையில் ஒரு சாரார் ஸ்மித் பாடசாலையைப் பகிஷ்கரித்தனர். இன்னொரு சாரார், அப்பாடசாலையைத் தம் சமூகத்தின் சொத்தாகக் கருதி அதனைச் சீர்திருத்தித் தம்வசம் வைத்திருக்கவே விரும்பினர். ஒதுக்கப்பட்டோர் தமக்கெனக் கட்டிய நிறுவனத்தை ஒன்றிணைப்பின் பெயரால் இழக்க வேண்டுமா என்னும் இவ்வினா பின்னரும் பலமுறை எழுவதைக் காணலாம். 1855இல் மாநிலச் சட்டமன்றம் பாடசாலைகளில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

சட்டம் தடைசெய்ததைச் சந்தை மீண்டும் கொண்டுவந்தது. இருபதாம் நூற்றாண்டின் பொஸ்ரனில் எவர் எங்கு குடியிருப்பது என்பதைத் தீர்மானித்தவற்றுள் முதன்மையானது வீட்டு ஈட்டுக்கடன். 1930களில் மத்திய அரசின் முகவர் நிறுவனங்கள் நகரப் படங்களில் கறுப்பினத்தவரும் வறியோரும் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் குறித்து, அவை கடனுக்கு உகந்தவையல்ல என மதிப்பிட்டன. 1968இல் பொஸ்ரன் வங்கிகள் சில கூட்டாகச் சேர்ந்து கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் வழங்க முன்வந்தன. முற்போக்கான செயலாகவே அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் குறிப்பிட்டதோர் எல்லைக்குள் வாங்கப்படும் வீடுகளுக்கே அக்கடன் கிடைக்கும். அவ்வெல்லை பெரும்பாலும் யூதர்கள் வாழ்ந்த மற்றப்பன் பகுதியைச் சூழ வரையப்பட்டிருந்தது. காணித் தரகர்கள் வீடுவீடாகச் சென்று அச்சத்தைப் பரப்பி மலிவாக வாங்கி மிகையாக விற்றனர். சில ஆண்டுகளுக்குள் அப்பகுதியின் குடித்தொகை முற்றாக மாறியது. பாடசாலை எல்லைக்கு முன்னர் வங்கி எல்லை வரையப்பட்டுவிட்டது என்பதே இதன் பொருள்.

பாடசாலைக் குழு அவ்வெல்லையை மேலும் இறுக்கியது. கறுப்பினப் பிள்ளைகள் நிரம்பி வழிந்த பாடசாலைகளுக்கு அண்மையில் வெள்ளையர் பாடசாலைகளில் இடம் வெறுமையாக இருந்தபோதும், எல்லைகளை மாற்றாமல் தற்காலிக வகுப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. எந்த ஆரம்பப் பாடசாலையிலிருந்து எந்த உயர் பாடசாலைக்குப் பிள்ளைகள் செல்வர் என்ற ஒழுங்கும் நிறத்தை அனுசரித்தே அமைக்கப்பட்டது. 1963 யூனில் றூத் பற்சன் முதலியோர் இவற்றைக் குழுவின் முன் வைத்தபோது, லூயிஸ் டே ஹிக்ஸ் தலைமையிலான அக்குழு பிரிவினை என்று ஒன்று உண்டென்பதையே ஏற்க மறுத்தது. அதே மாதத்தில் கறுப்பின மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். 1965இல் மாநிலச் சட்டமன்றம் இனச் சமநிலையின்மைச் சட்டத்தை இயற்றியது. வெள்ளையரல்லாத பிள்ளைகள் பாதிக்கு மேற்பட்ட பாடசாலை 'சமநிலையற்றது' என்பது அதன் வரைவிலக்கணம். முற்றிலும் வெள்ளைப் பிள்ளைகளையே கொண்ட புறநகர்ப் பாடசாலை இவ்வரைவிலக்கணப்படி சமநிலையுடையதாகும்! சட்டத்துக்கு வாக்களித்த புறநகர்ப் பிரதிநிதிகளுக்கு அது எவ்விதச் செலவையும் வைக்கவில்லை.

1974 யூன் 21ஆம் திகதி மத்திய மாவட்ட நீதிபதி ஆதர் கரிட்டி, பாடசாலைக் குழு திட்டமிட்டே பிரிவினையைப் பேணியது எனத் தீர்ப்பளித்தார். அக்குழுவின் சொந்த ஆவணங்களே அதற்குச் சான்றாயின. செப்டெம்பர் 12இல் நடைமுறைக்கு வந்த முதற் கட்டத் திட்டம் ஏறத்தாழ 18,000 பிள்ளைகளைப் பஸ் வண்டிகளில் இடம்மாற்றியது. இத்திட்டத்தின் நடுநாயகமாக அமைந்தது றொக்ஸ்பரியையும் தென் பொஸ்ரனையும் இணைத்தமையாகும். றொக்ஸ்பரி கறுப்பின வறியோர் வாழ்ந்த பகுதி. தென் பொஸ்ரனோ ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் பகுதி. துறைமுக வேலையும் நகரசபை வேலையும் நம்பி வாழ்ந்த அங்கு, அரசாங்கத் தொடர்மாடி வீடுகளில் தகப்பனின்றியும் தொழிலின்றியும் வாழ்ந்த வெள்ளைக் குடும்பங்கள் பல இருந்தன. இரு பகுதி உயர் பாடசாலைகளும் வசதி குன்றியவை. ஒரு வறிய பாடசாலையின் பிள்ளைகளை இன்னொரு வறிய பாடசாலைக்கு மாற்றுவதே 'சமத்துவம்' எனப்பட்டது. முதல் நாளிலேயே தென் பொஸ்ரனில் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பஸ் வண்டிகள் கல்லெறிக்கு உள்ளாயின. கண்ணாடித் துண்டுகளால் காயமுற்றவர்கள் பிள்ளைகள் என்பதை எந்த வர்க்கப் பகுப்பாய்வும் மறைத்துவிடக்கூடாது.

எதிர்த்த பெற்றோர் தம்மை நிறவெறியர் என ஒருபோதும் கூறிக்கொண்டதில்லை. அவர்கள் பயன்படுத்திய சொல் 'அயற்பாடசாலை' என்பது. நடந்து செல்லும் தூரம், தாயின் கண்பார்வை, பங்குக்கோயில், தலைமுறை தலைமுறையாக ஒரே கால்பந்தாட்டக் குழு ஆகிய யாவும் அச்சொல்லுக்குள் அடங்கின. இச்சொல்லை வெறும் வேடம் என்று தள்ளிவிடுதல் எளிது, ஆனால் தவறு. கருத்துநிலை முற்றிலும் பொய்யினால் ஆவதன்று. தன் அயலைத் தவிர வேறு உடைமையற்ற தொழிலாளிக்கு அயல் உண்மையான பெறுமானம் உடையது. அப்பெறுமானத்தை ஹிக்ஸ் போன்ற அரசியல்வாதிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கெதிரான ஆயுதமாக மாற்றினார்கள் என்பதும், அதே அயற்பாடசாலை றொக்ஸ்பரிச் சிறுவனுக்கு மறுக்கப்பட்டபோது எவரும் தூரம் பற்றிப் பேசவில்லை என்பதும் சேர்த்து நோக்கப்பட வேண்டியவை. யாழ்ப்பாணத்தில் 1930ஐ அண்டிய ஆண்டுகளில் சம ஆசனத்துக்கு எதிராக எழுந்த கூக்குரலை அறிந்தவர்களுக்கு, வழக்கம், ஒழுங்கு, பெற்றோர் விருப்பம் என்னும் சொற்கள் எவ்வாறு பணிபுரிகின்றன என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

கரிட்டியின் தீர்ப்பு வெளியாகி ஐந்து வாரங்கள் கழியுமுன், 1974 யூலை 25இல், ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் டெற்றோயிற் நகர வழக்கில் தீர்ப்பு வழங்கியது. அந்நகரைச் சூழவுள்ள 53 புறநகர்க் கல்வி மாவட்டங்களையும் ஒன்றிணைப்புத் திட்டத்தில் சேர்க்கலாகாது என ஐவர் தீர்ப்பளித்தனர்; நால்வர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர் 1954ஆம் ஆண்டு வழக்கினை வாதாடி வென்ற தேர்குட் மார்ஷல். எமது நோக்கில் பொஸ்ரன் கலவரத்தைத் தீர்மானித்தது இத்தீர்ப்பே. நகர எல்லை இனித் தாண்ட முடியாத மதில். மதிலுக்கு உள்ளே ஒன்றிணைப்பு கட்டாயம். வெளியே அது விருப்பத்துக்குரியது. பொஸ்ரனைச் சூழ்ந்த செல்வப் புறநகர்கள், 1966இல் தொடங்கிய தன்னார்வத் திட்டமொன்றின் வழியாக ஒரு தொகைக் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றுத் தம் மனச்சாட்சியைச் சாந்தப்படுத்திக்கொண்டன. நீதிபதி கரிட்டி வாழ்ந்ததும் அத்தகைய புறநகரான வெல்ஸ்லியிலேயே. தென் பொஸ்ரன் பெற்றோர் இதனைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினர். அவர்களது கோபத்தின் திசை பிழையானது. ஆனால் இந்த அவதானிப்பு பிழையானதன்று.

இடதுசாரிகளும் இங்கே தடுமாறினர். புரட்சிகர ஒன்றியம் என்னும் அமைப்பு, பஸ் திட்டம் தொழிலாளரைப் பிளக்கும் ஆளும் வர்க்கச் சூழ்ச்சி என்றுகூறி அதனை முறியடிக்குமாறு 1974இல் அறைகூவியது. சூத்திரமாக நோக்கின் இது சரிபோலத் தோன்றும். நடைமுறையில் அது கல்லெறிந்தோரின் பக்கத்தில் நிற்பதாகவே முடிந்தது. ஏனைய இடதுசாரி அமைப்புகள் அதனைக் கடுமையாகச் சாடியமை நியாயமே. கறுப்பினப் பிள்ளையின் இருக்கைக்கான உரிமை, வர்க்க ஒற்றுமை கனிந்துவரும் வரை காத்திருக்க வேண்டியதொன்றன்று. அதேவேளை, நீதிமன்றத் திட்டத்தை விமர்சனமின்றி ஆதரித்த தாராண்மைவாதிகள் அதன் வர்க்கச் சுமையைப் பற்றி வாய்திறக்கவில்லை. இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் அப்பால் நின்று பேசிய குரல்கள் பெற்றோரிடமிருந்தே வந்தன. 1975 செப்டெம்பரில் சீனர் குடியிருப்பைச் சேர்ந்த தாய்மார், பெரும்பாலும் ஆடைத் தொழிலாளர், பிள்ளைகளை வீட்டில் நிறுத்திப் பகிஷ்கரித்தனர். அவர்கள் ஒன்றிணைப்பை எதிர்த்தார்கள் அல்லர். பஸ் வண்டிகளில் பாதுகாப்பும் தம் மொழி அறிந்த உதவியாளரும் வேண்டும் என்றே கோரினர். சட்ட அறிஞர் டெறிக் பெல் 1976இல் எழுதிய கட்டுரையில், பொஸ்ரன் கறுப்பினப் பெற்றோருட் பலர் நாடியது நல்ல கல்வியையே என்றும், அவர்களது வழக்கறிஞர்களோ இன விகிதாசாரத்தையே இலக்காகக் கொண்டனர் என்றும் வாதிட்டார்.

வசதியுடையோர் வெளியேறினர். 1970களின் தொடக்கத்தில் 90,000ஐத் தாண்டியிருந்த பொஸ்ரன் அரச பாடசாலை மாணவர் தொகை 1980களின் பிற்பகுதியில் 60,000க்குக் கீழே இறங்கியது. பிறப்பு வீத வீழ்ச்சியும் முன்பே தொடங்கிவிட்ட புறநகர்ப் பெயர்வும் இதற்குக் காரணங்களாயினும், புறநகரில் வீடோ தனியார் பாடசாலைக் கட்டணமோ வாங்கக்கூடியவருக்கு மட்டுமே அவ்வழி திறந்திருந்தது.

நிறத்தை விடுத்து வருமானத்தை அளவுகோலாகக் கொண்டால் என்ன என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. வட கரோலினாவின் வேக் மாவட்டம் இதற்கு வாய்ப்பான களம். அங்கு 1976இலேயே றாலி நகரப் பாடசாலைகளும் சூழவுள்ள புறநகர்ப் பாடசாலைகளும் ஒரே நிருவாகத்துள் இணைக்கப்பட்டிருந்தன. தப்பியோடுவதற்கு மதில் இல்லை. 2000இல் அம்மாவட்டக் கல்விச் சபை, எப்பாடசாலையிலும் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியானோர் 40 வீதத்துக்கு மேற்படலாகாது எனத் தீர்மானித்து எல்லைகளை அதற்கேற்ப மாற்றியமைத்தது. இதனை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒரு குறிப்புடன். மதிய உணவுப் பட்டியல் வறுமையை எண்ணுமேயன்றி வர்க்கத்தை எண்ணாது. உழைப்பாளிக்கும் உடைமையாளனுக்கும் இடையிலான உறவு அங்கு ஒரு வீதமாகச் சுருங்கிவிடுகிறது. 2007இல் உயர் நீதிமன்றம் தனிப் பிள்ளையின் நிறத்தை நோக்கிப் பாடசாலை ஒதுக்குவதைக் கட்டுப்படுத்தியபின் பல நகரங்கள் இவ்வழியை நாடின. வேக்கிலோ குடித்தொகை விரைந்து பெருகியதால் ஆண்டுதோறும் எல்லை மாறியது. புதிதாகக் குடியேறிய நடுத்தர வகுப்புப் பெற்றோர் 'உறுதிநிலை' வேண்டும் என்றனர். 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் எதிரணி பெரும்பான்மை பெற்று, 2010 மார்ச்சில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் கொள்கையைக் கைவிட்டது. கண்டனக் கூட்டங்களில் பலர் கைதாகினர். 2011இல் வாக்காளர் அவ்வணியைத் தோற்கடித்தனர். ஆயினும் பழைய கொள்கை முன்னிருந்த வலுவுடன் திரும்பவில்லை.

நியூ யோர்க்கின் புரூக்ளின் பகுதியில் 2015இல் எழுந்த விவாதம், 1849இல் ஸ்மித் பாடசாலை பற்றி எழுந்த அதே வினாவை மறுபுறமிருந்து எழுப்பியது. வசதியுடையோர் பகுதியிலிருந்த 8ஆம் இலக்கப் பாடசாலை நிரம்பி வழிந்தது. அண்மையில், பரகற் தொடர்மாடிக் குடியிருப்பின் கறுப்பின, இலத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற 307ஆம் இலக்கப் பாடசாலையில் இடமிருந்தது. எல்லையை மாற்றி வசதியுடையோரை அங்கு அனுப்ப அதிகாரிகள் முனைந்தபோது, வசதியுடைய பெற்றோர் சிலர் பரீட்சைப் புள்ளிகளைக் காட்டித் தயங்கினர். அது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் பரகற் பெற்றோரும் ஐயுற்றனர். தாம் கட்டியெழுப்பிய பாடசாலையில், வருவோரின் பணமும் செல்வாக்கும் பெருகப் பெருகத் தம் பிள்ளைகளுக்கு இடம் எஞ்சுமா என்று கேட்டனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென ஒரு பங்கு இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து பிறந்தது. 2016 சனவரியில் புதிய எல்லை ஏற்கப்பட்டது.