மஞ்சள் பெட்டி – 5: அசையாத முள்

பழைய சாமான் சந்தையில் வாங்கிய மஞ்சள் பெட்டியைத் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார் அந்த அமெரிக்கச் சேகரிப்பாளர். பக்கவாட்டில் நீல வட்டம், அதற்குள் வெள்ளை முக்கோணம், அதன் நடுவே சிவப்பில் ‘சிடி’ என்ற இரண்டெழுத்து. அணுகுண்டுத் தாக்குதலுக்கு மக்களைத் தயார்ப்படுத்திய சிவில் டிபென்ஸ் அமைப்பின் முத்திரை. ஒரு பெரிய டார்ச் பேட்டரியைப் போட்டுக் குமிழைச் சோதனை நிலைக்குத் திருப்பினார். முள் துள்ளி எழுந்தது. பிறகு, இருட்டில் ஒளிரும் ரேடியம் முகப்புள்ள பழைய கைக்கடிகாரத்தை அருகே வைத்தார். முள் அசையவே இல்லை. அங்கேதான் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

பெட்டியில் பழுது எதுவும் இல்லை. சினிமாவில் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும் கெய்கர் கவுன்ட்டர் என்று நினைத்து அதை வாங்கியதுதான் பிசகு. புதிதாகச் சேகரிக்க வருபவர்களில் பலர் இன்றும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

அவர் வாங்கியது சிடி வி-715. உள்ளே இருப்பது காற்று அடைத்த ஒரு சிறு டப்பா. காமா கதிர் பாயும்போது டப்பாவுக்குள் மின்னேற்றத் துகள்கள் பிறக்கும். அதனால் உண்டாகும் நூலிழை போன்ற மின்னோட்டத்தைப் பெருக்கினால் முள் நகரும். குமிழை மிக நுண்ணிய அளவில் வைத்தாலும், முள் கோடி வரை ஓட மணிக்கு அரை ரோன்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வேண்டும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் எந்நேரமும் விழும் இயல்பான கதிர்வீச்சு, அதில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். கடிகாரத்தை எப்படி உணரும்?

காதுக்குழலில் டிக் டிக் என்று ஒலிப்பது சிடி வி-700. அதுதான் உண்மையான கெய்கர். மணிக்கு 50 மில்லிரோன்ட்ஜனோடு அதன் அளவு முடிந்துவிடும். அதற்கு மேல் கதிர்வீச்சு கடுமையாகிவிட்டால் உள்ளே இருக்கும் கெய்கர் குழாய் திணறிப்போய் முள் பூஜ்யத்தை நோக்கிச் சரிந்துவிடலாம். ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லக்கூடிய கருவியை நம்பிப் பதுங்கறையிலிருந்து வெளியே வர முடியுமா? அதனால்தான் இரண்டையும் செய்தார்கள்.

700-ஐக் கையில் எடுத்தால் பெயர்த் தகட்டைப் பாருங்கள். சிலவற்றில் லயனல் என்ற பெயர் இருக்கும். அமெரிக்கக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பொம்மை ரயில் செய்து தந்த அதே லயனல்! ரயில் பெட்டியில் படித்த பெயரை அணுகுண்டுக்கான பெட்டியிலும் படித்த ஒரு தலைமுறை அங்கே உண்டு. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது அந்தச் சின்னத் தகடுதான்.

இப்போது மறுபடி 715-க்கு வருவோம். அதன் உச்ச அளவு மணிக்கு 500 ரோன்ட்ஜன். அவ்வளவும் ஒரேயடியாக உடம்பில் ஏறினால், சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். ஊர் ஊராகக் கொடுத்துவைத்த ஒரு பெட்டியில் இப்படிப்பட்ட எண் ஏன் வந்தது? சிவில் டிபென்ஸ்காரர்கள் அதுவரை அதிகம் அஞ்சியது குண்டின் வெடிப்பையும் தீயையும்தான். எங்கோ வெடித்த குண்டின் சாம்பல் காற்றில் வந்து கொல்லும் என்ற பயத்தைப் பெரிதாக்கியது ஒரே ஒரு விடியற்காலை.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத்தீவு. ‘பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டு. சுமார் 6 மெகாடன் என்று கணக்கிட்டிருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாடன்.

அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கே, ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல். பெயர் ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு, அதாவது அதிர்ஷ்ட டிராகன். அதில் 23 பேர் சூரை மீன் பிடிக்க வந்திருந்தார்கள். திடீரென்று மேற்கு வானம் வெளுத்தது. மேற்கில் எப்படி விடியும்? ஏழெட்டு நிமிடம் கழித்து இடிபோல் ஓசை வந்தது. அவசர அவசரமாகத் தூண்டிற்கயிறுகளை இழுத்துச் சுருட்டினார்கள்.

சில மணி நேரத்தில் மேலிருந்து வெண்மையாக ஏதோ பொழியத் தொடங்கியது. மழையில்லை, பனியில்லை. தலைமுடியில், இமையில், கழுத்துப்பட்டியில், மேல்தளத்தில் படிந்தது. நடந்தால் காலடித் தடம் விழும் அளவுக்குச் சேர்ந்தது. கப்பலில் மஞ்சள் பெட்டி இல்லை, எந்த அளவுகருவியும் இல்லை.

அவர்களில் ஒருவர் அதைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

(தொடரும்)