ஆஷ்வில் பீர் ஆலைகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைநாட்டில் உள்ள ஆஷ்வில் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1994 முதல் தோன்றிய சிறு பீர் ஆலைகள், அவற்றோடு சேர்ந்த டேப்ரூம்கள் ஆகியவற்றின் தொகுதி. டேப்ரூம் என்பது ஆலையிலேயே, காய்ச்சும் கொப்பரைகளுக்குப் பக்கத்திலேயே, குழாயிலிருந்து பீரைப் பிடித்துக் கொடுக்கும் கூடம். நகரம் புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே, பிரெஞ்சு பிராட் ஆறும் ஸ்வானனோவா ஆறும் கூடுமிடத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 94,589. மலையேறவும் காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டவும் ஆற்றில் மிதக்கவும் வருகிறவர்கள் மாலையில் போய் உட்காரும் இடமாக டேப்ரூம் ஆகிவிட்டதால், ஊரின் அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் இங்கே ஆலைகள் பெருகின.

மதுவிலக்குக் காலம்

ஆஷ்வில்லின் பீர் வரலாற்றை மதுவிலக்கிலிருந்து தொடங்குவதே முறை. 1880இல் ரயில் வந்த பிறகு இவ்வூர் காசநோயாளிகளும் செல்வர்களும் காற்று வாங்க வரும் மலைவாசத்தலமாயிற்று. அச்செல்வர்களுள் ஒருவரான ஜார்ஜ் வாண்டர்பில்ட் தமது பில்ட்மோர் மாளிகையை 1895இல் திறந்தார். விடுதிகள் பெருகின, மதுக்கடைகளும் பெருகின. அதே காலத்தில் மாநிலம் மறுதிசையில் போய்க்கொண்டிருந்தது. 1903இல் வந்த வாட்ஸ் சட்டம், நகராட்சி அமைப்புப் பெற்ற ஊர்களுக்கு வெளியே சாராயம் காய்ச்சுவதையும் விற்பதையும் தடுத்தது. கிராமப்புறத்து வடிசாலைகள் ஒரே வீச்சில் சட்டவிரோதமாயின. 1905இல் வார்டு சட்டம் அந்தத் தடையைச் சிற்றூர்களுக்கும் நீட்டியது. மலைக்காடுகளில் இரவோடிரவாகக் காய்ச்சும் ‘மூன்ஷைன்’ தொழில் இச்சட்டங்களால் ஒழியவில்லை; அதற்கு முன்னிலும் நல்ல சந்தை கிடைத்தது.

1906 நவம்பரில் துப்பாக்கியோடு ஆஷ்வில் வீதிகளில் திரிந்த ஒருவன் இரு காவலர் உட்பட ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் குடித்திருந்தான் என்ற பேச்சு மதுவிலக்குக் கட்சியாருக்கு வலுவான ஆயுதமாயிற்று. மறு ஆண்டே, 1907இல், நகர வாக்காளர் மதுக்கடைகளை மூட வாக்களித்தனர். 1908 மே 26 அன்று மாநிலம் முழுவதிலும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மதுவிலக்குக்கு ஆதரவாக 1,13,612 வாக்குகளும் எதிராக 69,416 வாக்குகளும் விழுந்தன. ஆளுநர் ராபர்ட் கிளென் மாநிலமெங்கும் இதற்காகப் பிரசாரம் செய்தார். மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மதுவிலக்கை ஏற்ற முதல் தென்மாநிலம் வட கரோலினாதான். இதை மக்களின் தீர்ப்பு என்று எழுதுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: 1900இல் கொண்டுவரப்பட்ட எழுத்தறிவுச் சோதனையால் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமை அதற்குள் பறிபோயிருந்தது. எனவே 1908இல் தீர்ப்புச் சொன்னவர்கள் ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே.

1909 ஜனவரி 1 முதல் மாநில மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நாடு தழுவிய மதுவிலக்கு 1920இல்தான் வந்தது என்பதால், வட கரோலினா நாட்டை முந்திக்கொண்டது 11 ஆண்டுகள். மதுவிலக்கை விட்டபோதும் முழு மனத்தோடு விடவில்லை. 1933இல் நாடு மதுவிலக்கை நீக்கியபோது, நீக்க வேண்டாம் என்று வாக்களித்த இரு மாநிலங்களில் இது ஒன்று. மற்றது தென் கரோலினா. 1937இல் கவுண்டி (மாவட்டம்) அளவில் அரசுசார் வாரியங்கள் நடத்தும் கடைகளுக்கு அனுமதி கிடைத்தது. சாராயப் புட்டிகளை இன்றும் பெரும்பாலும் இக்கடைகளில்தான் வாங்க முடியும். பீரும் ஒயினும் மளிகைக்கடையிலேயே கிடைக்கும். விஸ்கி போன்றவற்றை உணவகத்தில் கோப்பைக் கணக்கில் விற்கும் உரிமை 1978இல்தான் வந்தது.

கிரோவ் பார்க் இன் என்ற புகழ்பெற்ற கல் விடுதி 1913இல் ஆஷ்வில்லில் திறக்கப்பட்டபோது ஊரில் சட்டப்படி ஒரு குவளை பீர் கூடக் கிடைத்திருக்காது. நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1935இலும் 1936இலும் அங்கே தங்கினார். ஜின்னைக் கைவிடும் பொருட்டு அவர் பீரில் இறங்கியதாகவும், அதிலும் அளவு மீறியதாகவும் வரலாற்றெழுத்தாளர்கள் கூறுவர்.

சட்டம் தளர்தல்

ஆலை தான் காய்ச்சிய பீரைத் தன் வாசலிலேயே விற்பதற்கு வட கரோலினாவில் நெடுங்காலம் வழியில்லை. அதைத் திறந்துவிட்டவர் ஆஷ்வில்காரர் அல்லர்; மாநிலத்தின் மறுகோடியில், அட்லாண்டிக் கரையில் வாழ்ந்த ஜெர்மானியரான உலி பென்னவிட்ஸ். பவேரியாவிலிருந்து வந்து பண்ணைகளை மேற்பார்த்துக்கொண்டிருந்த அவர், சட்டமன்றத்தாரை அணுகிச் சட்டத்தை மாற்றவைத்து, 1986இல் மான்டியோ ஊரில் ‘வீப்பிங் ரேடிஷ்’ என்ற உணவகத்தோடு கூடிய ஆலையைத் திறந்தார். ஆஷ்வில்லின் ஆலைகள் எல்லாம் இவருக்குக் கடன்பட்டவை. பயண நூல்களில் இவர் பெயரைக் காண்பது அரிது.

ஆஷ்வில்லின் முதல் ஆலை ஹைலேண்ட். சீனப் பெற்றோருக்கு ஜமைக்காவில் பிறந்து, அமெரிக்காவில் அணுக்கழிவுப் பொறியியல் தொழில் நடத்தி, அதை விற்று ஓய்வுபெற்ற ஆஸ்கர் வோங் 1994இல் இதைத் தொடங்கினார். பில்ட்மோர் அவென்யூவில் பார்லீஸ் என்னும் பீட்சாக் கடையின் நிலவறையில், பால்பண்ணைக்கென்று செய்த பழைய பாத்திரங்களை மாற்றியமைத்துக் காய்ச்சினார்கள். மதுவிலக்குக்குப் பின் நகரில் சட்டப்படி நடந்த முதல் ஆலை இதுவே. செம்பழுப்பு நிறமுள்ள கேலிக் ஏல் இதன் அடையாளமாயிற்று. 2006இல் ஆலை கிழக்குப் புறநகருக்கு, முன்பு திரைப்பட நிலையமாக இருந்த பெரிய கட்டடத்துக்கு மாறியது. 2015இல் தலைமை அவருடைய மகள் லியா வோங் ஆஷ்பர்னிடம் சென்றது. ஸ்காட்டிஷ், ஐரிஷ் குடியேறிகளின் மரபைப் பெயரிலும், 2018 வரை சின்னத்திலும் தாங்கிய இந்த ஆலையை உருவாக்கியவர் ஒரு ஜமைக்கச் சீனர் என்பது நகர விளம்பரங்களில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே வருகிறது.

1990களின் பிற்பகுதியில் கிரீன் மேன் ஆலை (1997) வந்தது. மெரிமன் அவென்யூவில் பழைய படம் ஓட்டிக்கொண்டே பீட்சாவும் பீரும் விற்ற திரையரங்கு ஒன்று, பின்னர் ஆஷ்வில் ப்ரூயிங் என்ற ஆலையாக வளர்ந்தது. இவர்களுடைய முதன்மையான பீர் நெடுநாள் ‘ஷிவா’ என்ற பெயரில் விற்பனையாகி, பிறகு ‘பெர்ஃபெக்ட் டே’ என்று பெயர் மாற்றப்பட்டது.

அடுத்த திருப்பமும் சட்டப் புத்தகத்தில்தான். மாநிலத்தில் விற்கும் பீரில் ஆல்கஹால் 6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி மதுவிலக்கு நீங்கிய காலத்திலிருந்து தொடர்ந்தது. பெல்ஜிய மடங்களின் கனத்த பீர்களும் மரப்பீப்பாயில் ஊறவைத்த கரும் பீரும் இதனால் இங்கே தடைப்பட்டன. 2003இல் ஷான் லில்லி வில்சன் என்பவர் முன்னின்று ‘பாப் த கேப்’ என்னும் இயக்கத்தை நடத்தினார். 2005 ஆகஸ்ட் 13 அன்று ஆளுநர் மைக் ஈஸ்லி கையெழுத்திட்ட சட்டம் வரம்பை 15 விழுக்காடாக உயர்த்தியது. ஆஷ்வில்லிலும் சுற்றிலும் ஆலைகள் வரிசையாகத் தோன்றியது ஏறத்தாழ இக்காலத்திலிருந்துதான்: அருகிலுள்ள பிளாக் மவுண்டன் ஊரில் பிஸ்கா (2005), ஆற்றங்கரைக் கலைஞர் பகுதியில் வெட்ஜ் (2008), நகர மையத்தில் விக்கெட் வீட் (2012), சவுத் ஸ்லோப்பில் பரியல் (2013), ஹை-வயர் (2013).

ஊர்ச் சிறப்புக்கு மலைநீரே காரணம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நகரின் குடிநீர் பெரும்பாலும் நார்த் ஃபோர்க், பீ ட்ரீ என்னும் இரு நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. சுற்றிலும் பாதுகாக்கப்பட்ட காடு. நீரில் உப்புகள் மிகக் குறைவு. இத்தகைய மென்னீரில் காய்ச்சுபவர் தமக்கு வேண்டிய உப்பை வேண்டிய அளவில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆயினும் இதே நீர் 1994க்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாறியது நீரல்ல, சட்டம்.

‘பீர் நகரம்’ என்ற பட்டமும் இவ்வாறே சற்று எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. பீர் எழுத்தாளர் சார்லி பப்பேசியன் நடத்திய இணைய வாக்கெடுப்பில் 2009இல் போர்ட்லாந்தோடு சமமாகவும், 2010, 2011 ஆண்டுகளில் தனித்தும், 2012இல் கிராண்ட் ராப்பிட்ஸோடு சமமாகவும் ஆஷ்வில் முதலிடம் பெற்றது. சுவைத்துப் பார்த்து நடுவர்கள் அளித்த பரிசு அன்று அது. ஊர்ப்பற்றை அளந்த வாக்கெடுப்பு.

வகைப்பாடு

அமெரிக்கக் காய்ச்சுவோர் சங்கம் கைவினை ஆலைக்கு முக்கியமாக இரு அளவுகோல் வைத்துள்ளது. ஆண்டு உற்பத்தி 60 லட்சம் பீப்பாய்க்கு மிகக்கூடாது; கைவினை ஆலை அல்லாத மதுபான நிறுவனத்தின் பங்கு 25 விழுக்காட்டை எட்டக்கூடாது. அமெரிக்கப் பீப்பாய் என்பது ஏறத்தாழ 117 லிட்டர். 15,000 பீப்பாய்க்குக் குறைவாகக் காய்ச்சுவது நுண் ஆலை. தன் பீரில் கால்பங்குக்கு மேல் அங்கேயே விற்று, குறிப்பிடத்தக்க உணவும் பரிமாறினால் ப்ரூபப். உணவின்றி விற்றால் டேப்ரூம் ஆலை.

இந்த அளவுகோலின்படி ஆஷ்வில்லின் பேர்பெற்ற மூன்று ஆலைகளில் இரண்டு இன்று கைவினை ஆலைகளே அல்ல. விக்கெட் வீட், டிக்கின்சன் சகோதரர்களும் பங்காளிகளும் தொடங்கியது. காட்டு ஈஸ்ட்டும் நுண்ணுயிரியும் கொண்டு புளிக்கவைத்த பீர்களுக்கென்றே ‘ஃபங்கட்டோரியம்’ என்ற தனிக்கூடம் 2014இல் திறந்தது. 2017 மே மாதம் அது உலகப் பெருநிறுவனமான ஏபி இன்பெவ் கைக்குப் போயிற்று. அந்த ஆலை நடத்திவந்த விழாவிலிருந்து சக ஆலைகள் பல விலகின. கொலராடோவிலிருந்து வந்து, பழைய கால்நடைச் சந்தை இருந்த ஆற்றங்கரை நிலத்தில் 2016இல் கிளை திறந்த நியூ பெல்ஜியம், 2019இல் ஜப்பானியக் கிரின் குழுமத்துக்கு விற்கப்பட்டது. மூன்றாவது, தெற்கே மில்ஸ் ரிவரில் உள்ள கலிபோர்னியாவின் சியரா நெவாடா கிளை. அது இன்னும் நிறுவனர் குடும்பத்திடமே இருக்கிறது.

காணச் செல்லுதல்

நடந்தே பார்க்கத் தக்கது சவுத் ஸ்லோப். நகர மையத்துக்குத் தெற்கே சரியும் இப்பகுதி முன்பு வாகனப் பட்டறைகளும் கிடங்குகளும் இருந்த இடம். கிரீன் மேன், பரியல் முதலியவை சில நூறு மீட்டர் இடைவெளியில் உள்ளன. பரியலின் மற்றொரு கூடமான ஃபாரஸ்ட்ரி கேம்ப், 1930களில் வேலையற்ற இளைஞரைக் கொண்டு காடு வளர்த்த அரசுத் திட்டத்தின் முகாம் கட்டடங்களில் நடக்கிறது. நகரின் மலைவாழ்வும் பீரும் ஒரே கூரையின் கீழ் கூடும் இடமாக இதைச் சொல்லலாம்.

காட்டிலிருந்து இறங்குவோருக்குத் திசைக்கொரு ஆலை உண்டு. பிஸ்கா தேசியக் காட்டின் பென்ட் கிரீக் சைக்கிள் பாதைகளிலிருந்து வருவோர் தெற்கே சியரா நெவாடாவுக்குப் போவர். அங்கே தோட்டமும் நடைபாதையும் ஆற்றுப்பக்கமும் உண்டு. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே மிக உயரமான மிட்செல் சிகரத்திலிருந்து (2,037 மீட்டர்) திரும்புவோருக்குப் பிளாக் மவுண்டனும் ஹைலேண்டின் புல்வெளியும் வழியில் வரும்.

முதல் முறை செல்பவர் ‘ஃப்ளைட்’ கேட்பது நல்லது. ஒரு பலகையில் நான்கைந்து சிறு குவளைகளில் வெவ்வேறு பீர் வரும். முழுக் குவளையான பைண்ட் 473 மில்லிலிட்டர். வீட்டுக்கு எடுத்துச்செல்ல ‘கிரவுலர்’ என்ற 1.9 லிட்டர்ச் சாடி. சமையலறை இல்லாத கூடங்களின் முற்றத்தில் உணவு வண்டிகள் நிற்கும். குழந்தைகளோடும் நாய்களோடும் குடும்பங்கள் வந்து அமர்வது இங்கே இயல்பு. 21 வயது நிறைந்ததற்கான அடையாள அட்டை இல்லாமல் மது தரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பனை முன்பு நண்பகலில்தான் தொடங்கியது. 2017 சட்டம், உள்ளாட்சி விரும்பினால் 10 மணிக்கே தொடங்கலாம் என்றது. மலைச்சாலைகள் வளைந்தவை. ரத்தத்தில் 0.08 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் வண்டியோட்டுவது குற்றம். ஆதலால் சுற்றுலாப் பேருந்தை நாடுவதே அறிவு.

இன்றைய நிலை

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயலின் வெள்ளம் 1916ஆம் ஆண்டு வெள்ளத்தின் உயரத்தையும் மிஞ்சியது. ஆற்றங்கரைக் கலைஞர் பகுதியிலும் பில்ட்மோர் வில்லேஜிலும் பேரழிவு நேர்ந்தது. கரையிலிருந்த ஆலைகளும் டேப்ரூம்களும் மூழ்கின. நகருக்குக் குடிக்கத்தக்க குழாய்நீர் நவம்பர் 18 அன்றுதான் திரும்பியது. மேட்டிலிருந்த ஆலைகள் தப்பின. அந்தச் செப்டம்பருக்கு முன் அச்சான வழிகாட்டி நூல்களை வைத்துக்கொண்டு ஆற்றங்கரை முகவரிகளுக்குப் புறப்படுவோர், திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளவும்.