தூசு தந்த சாட்சியம்

குத்தம்பாக்கத்திலிருந்து விடியுமுன் கிளம்பி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஆலை வேலைக்குச் செல்லும் தோழனுக்கு முதுமையிலே மூச்சுத் திணறினால், தலைவிதி என்று தேற்றிட ஆள் உண்டு. விதியல்ல, ஆலைத் தூசு என்று வழக்கு மன்றத்திலே மெய்ப்பிக்க வேண்டுமென்றால்? தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரிலே, டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நார் நூற்ற மாது நெல்லி கெர்ஷா. கல்நார் நஞ்சு என்று மருத்துவர் எழுதியும் தந்தார். தொழிலால் வந்த நோய், முதலாளியைக் கேள் என்றது காப்பீட்டுச் சங்கம். சட்டப் பட்டியலிலே அப்படியோர் நோயே இல்லை என்றது ஆலை! இரு கதவும் சாத்தப்பட, 1924 மார்ச் 14-இல், 33 வயதிலே மாண்டார். அடக்கச் செலவுக்கும் ஆலை காசு தரவில்லை. தந்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம்! எத்துணை முன்யோசனை, பார்த்தீர்களா!

மருத்துவர் வில்லியம் குக், அந்த மாதின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே கல்நார்த் துகள்கள்! ஊழ்வினையை எந்த நுண்ணோக்கியும் காட்டியதில்லை, தூசைக் காட்டிற்று. 1930-இல் மெரிவெதர், பிரைஸ் இருவரின் அறிக்கை, ஆராய்ந்த 363 தொழிலாளரில் கால்வாசிப் பேருக்கு நோய் கண்டது. மறு ஆண்டே கட்டுப்பாட்டு விதிகள் வந்தன.

ஆயினும் கல்நார் பதுங்கும் பகைவன். மீசோதீலியோமா எனும் புற்று, பல நேரங்களில் 20, 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். அதற்குள் ஆலை கைமாறும், கணக்கேடு கரையானுக்கு இரையாகும். பல முதலாளிகளிடம் உழைத்தவனை, எவன் தூசு உன்னைக் கொன்றது என்று கேட்டால் எதைச் சொல்வான்? அதை அவன் பிரித்துக்காட்ட வேண்டியதில்லை. கடமை தவறி ஆபத்தைப் பெருக்கிய முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று, 2002-இல் ஃபேர்சைல்ட் வழக்கிலே பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

அதற்கு முன்னரே, 1995 ஜனவரி 27-இல், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கிலே நம் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்றது. உடல்நல ஏட்டை, வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டு, அல்லது விலகியபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை ஆலை காத்திட வேண்டும் என்றது. அகமதாபாத் தேசியத் தொழில்நல நிறுவனம் நோயை உறுதி செய்தால் 1 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் ஆணையிட்டது. தொகையைவிட ஏடுதான் பெரிதென்பேன். சாட்சி இல்லாதவனுக்கு அதுவே சாட்சி.

ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆளாக உள்ளே நுழைந்து, பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமலே வெளியே வந்தவன், எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவான்?