இரு பிழைகளும் ஓர் உண்மையும்

1925ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பரப்பினர். அதன் பரப்பளவு, அச்சிவப்பணுக்களின் மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. எனவே செல் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பாலானது என முடிவு செய்தனர்.

பிற்கால மறுஆய்வில் இரு குறைகள் புலப்பட்டன. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. சிவப்பணுவின் மேற்பரப்பும் குறைவாகவே கணிக்கப்பட்டிருந்தது. ஒரு பிழை மற்றதை ஈடுசெய்துவிட்டது.

ஆயினும் ஈரடுக்கு உண்மையே. 1971இல் வில்கின்ஸ் குழுவினரின் எக்ஸ் கதிர் ஆய்வு உள்ளிட்ட, வேறு வழிகளில் கிடைத்த சான்றுகள் அதை உறுதிப்படுத்தின. முடிவு சரியாக அமைந்தமையாலேயே முறையும் சரியெனக் கொள்ளலாகாது. பாடநூல்கள் இச்சோதனையைக் கூறுமிடத்து அவ்விரு பிழைகளையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.