சிம்சன் பட்டறையில் பிறந்த விமானம்

குன்றத்தூர் மலைக்கோயிலில் ஏறி நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானங்கள் பம்மல், அனகாபுத்தூர் பக்கம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வதைப் பார்க்கலாம். நான் படமெடுத்துப் பழகிய இடம் அது. அதற்குச் சற்றுத் தள்ளிப் பல்லாவரம். பறப்பதைப் பார்க்கச் சனம் கூடும் பழக்கம் நம் பக்கத்தில் அங்கேதான் வேர்விட்டது என்பேன்.

1909 ஜூலையில் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அந்தச் சேதி, சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸைப் பிடித்து ஆட்டியது. தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்சன் கம்பெனியில் செய்யக் கொடுத்தார். சிம்சன் அப்போது கோச்சு வண்டி கட்டுவதில் பேர்போன இடம். மரத்தை இழைத்து வளைக்கத் தெரிந்த அந்தக் கைகளுக்கு இறக்கைச் சட்டம் எட்டாத வேலையல்ல. குறைந்த குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டிப் பல்லாவரத்தில் சோதித்தார்கள். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டுப் பறந்து காட்டினார். கூட்டத்திலிருந்து ஒருவரை ஏற்றிக்கொண்டும் பறந்ததாகச் சொல்வார்கள்.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே விமானத் தபாலாக 6,500 கடிதங்களோடு பறந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். முத்திரை விழுந்த உறைகளைத் தபால்தலை சேர்ப்பவர்கள் பொத்திப் பொத்திக் காத்தார்கள். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முந்திய நம் டி ஆஞ்சலிஸை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. எனக்கு இது ஆறாத குறை.

பல்லாவரத்தில் தொடங்கிய கதை தாம்பரத்திலும் தொடர்ந்தது: அங்குள்ள விமானப்படைத் தளத்துக்கு 1954இல் ஒரு பள்ளி வந்தது. விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அது. விமானப்படையின் 92ஆம் ஆண்டு அணிவகுப்பும் 2024 அக்டோபர் 8 அன்று அங்கேதான் நடந்தது. இரண்டு நாள் முன்னால் மெரினாவில் சாகசக் காட்சி. லட்சக்கணக்கில் கூடிய சனத்தில் ஐந்து பேர் வெயிலில் இறந்துபோனார்கள். அதைச் சொல்லாமல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது.

அன்று மெரினாவில் காலை 11 மணிக்கு வெயில் கடல் பக்கம் இருந்ததால், ரஃபேல், தேஜஸ் போர் விமானங்கள் படத்தில் அடிவயிறு கறுத்தே விழுந்தன. நான் காத்திருந்தது பழைய டகோட்டா விமானத்துக்கு. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படையினரை இறக்கிய ரகம். ஷட்டரை 1/2000 வைத்தால் காற்றாடி நின்றுபோனதுபோல் பதிவாகும். அதனால் 1/160க்கு இறக்கி, மூச்சை அடக்கி, லென்ஸை அதன் கூடவே நகர்த்தினேன். மூக்கு கூர்மையாகவும் காற்றாடி இரண்டும் சுழலும் வட்டங்களாகவும் விழுந்தன.