115 வாக்கில் கைமாறிய ஹவாய்

ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமானது 1959 ஆகஸ்டில். அடுத்த ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி அத்தீவு மக்கள் முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களித்தனர். ஜனநாயகக் கட்சியின் ஜான் எஃப். கென்னடிக்கும் குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சனுக்கும் போட்டி. பதிவான வாக்குகள் ஏறக்குறைய 1 லட்சத்து 85 ஆயிரம். நிக்சன் 141 வாக்குகளில் வென்றதாக மாநில அரசு சான்றளித்தது.

அமெரிக்க மக்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலங்களின் சார்பில் தேர்வாளர்கள் போடும் வாக்கே கணக்கு. ஹவாய்க்கு அப்போது 3 தேர்வாளர்கள். ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் மூவரும் போய்விடுவார்கள்.

ஜனநாயகக் கட்சியினர் நீதிமன்றம் போனார்கள். மறு எண்ணிக்கைக்கு உத்தரவு கிடைத்தது. ஆனால் நாடு முழுவதும் தேர்வாளர்கள் வாக்களிக்க வேண்டிய டிசம்பர் 19 வந்தபோது எண்ணி முடியவில்லை. அன்று ஹொனலூலுவில் குடியரசுக் கட்சியின் மூவரும் நிக்சனுக்கு வாக்களித்தனர். கையில் எந்தச் சான்றிதழும் இல்லாத ஜனநாயகக் கட்சியின் மூவரும் அதே நாளில் கூடி, கென்னடிக்கு வாக்களித்து, கையெழுத்திட்டு அனுப்பினர். வீம்புக்குச் செய்ததுபோல் தோன்றலாம். ஆனால், தேர்வாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் வாக்களிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பு. அன்று அவர்கள் சும்மா இருந்திருந்தால், பிறகு எண்ணியது வீணாகியிருக்கக்கூடும்.

டிசம்பர் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது: கென்னடி 92,410, நிக்சன் 92,295. வித்தியாசம் 115. ஆளுநர் வில்லியம் குவின் குடியரசுக் கட்சிக்காரர்தான். அவரே புதிய சான்றிதழில் கையெழுத்திட்டார். விமானத்தில் அனுப்பிய அது, நாடாளுமன்றம் வாக்கெண்ணக் கூடிய 1961 ஜனவரி 6 அன்றுதான் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

அன்று அவைக்குத் தலைமை தாங்கியவர் அப்போதைய துணை அதிபர். அவர் வேறு யாருமல்ல, நிக்சன்தான்! இரு தரப்புச் சான்றுகளும் அவர் முன் இருந்தன. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டு, கென்னடியின் 3 வாக்குகளைக் கணக்கில் சேர்க்க முன்மொழிந்தார். யாரும் மறுக்கவில்லை. நாடளவில் கென்னடி 303, நிக்சன் 219 என்பதால் ஹவாய் எந்தப் பக்கம் போனாலும் அதிபர் மாறியிருக்க மாட்டார். அந்த மூன்றுதான் முடிவைத் தீர்மானிக்கும் என்றிருந்தால் அவை அத்தனை அமைதியாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

2020 தேர்தலில் டோனல்ட் டிரம்ப் தோற்ற 7 மாநிலங்களில் அவரது கட்சியினர் தனியே கூடி வாக்களித்தபோது, ஹவாயைத்தான் எடுத்துக்காட்டினார்கள். ஹவாயில் அன்று நீதிமன்ற உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தது. இந்த 7 மாநிலங்களில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எந்தச் சான்று செல்லும் என்று முடிவு செய்யும் அதிகாரம் துணை அதிபருக்கு இல்லை என 2022இல் சட்டம் திருத்தப்பட்டது.